ரோஜாக்களுக்கு நான் செய்த கவாத்து

ஒரு சொல்லுக்குத் தனக்குத் தெரிந்த அர்த்தம் மட்டும்தான் உண்டு என்று நம்புகிறவனிடம் யாரும் செடியை ஒப்படைக்கக் கூடாது. (குழந்தையை ஒப்படைக்கலாமா என்று என் மனைவி இன்னும் முடிவு செய்யவில்லை. மூத்தவனுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.)

வெள்ளைக்காரன் காலம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆவடி ராணுவ முகாமில் எனக்குக் குமாஸ்தா வேலை. சிந்தாதிரிப்பேட்டைச் சந்தில் வளர்ந்த எனக்குத் தெரிந்த ஒரே செடி கொத்துமல்லிக் கட்டு. மனைவி கன்னியம்மாளோ பூந்தமல்லிப் பூத்தோட்டக்காரர் மகள். மாமனார் இறந்ததும் தோட்டம் கைமாறி, வாங்கியவர்கள் செடிகளை அழித்து நெல் போட்டுவிட்டார்கள். கல்யாணத்தின்போது அவர் தம் கையால் பதியன் போட்டுக் கொடுத்த பன்னீர் ரோஜாச் செடிகள் மட்டும் அம்பத்தூரில் எங்கள் கொல்லையில் இருந்தன. அவள் அப்பாவிடமிருந்து மிஞ்சியது அவ்வளவுதான்.

ஐப்பசியில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு கிளம்பியவள் வண்டியில் ஏறும்போது சொன்னாள்: "செடிக்கெல்லாம் கவாத்து பண்ணிடுங்க. புள்ளையத் தூக்கிகினு வரச்சொல்ல பூ பூத்திருக்கணும். தொட்டில்ல எங்கப்பா பூவத்தான் கட்டணும்."

கவாத்து எனக்கா தெரியாது? தினமும் முகாமில் சிப்பாய்கள் செய்வதைப் பார்க்கிறவன் அல்லவா. வரிசை, உயரம், விறைப்பு. எங்கள் செடிகளிடம் அந்த ஒழுங்கு அறவே இல்லை. ஒன்று கிணற்றடியில், இன்னொன்று வேலியில் சாய்ந்துகொண்டு. ஞாயிற்றுக்கிழமை கயிறு பிடித்து, எல்லாவற்றையும் வேரோடு தோண்டி, உயர வாரியாக ஒரே நேர்க்கோட்டில் நட்டேன். வேரில் ஒட்டிய மண் அசிங்கமாக இருந்ததால் உதறினேன். நீண்ட வேர்களைச் சம அளவாக நறுக்கினேன். (கிளையில் கை வைக்கவே இல்லை. பூ வருகிற இடமாயிற்றே.)

இலைகள் உதிரத் தொடங்கியதும் கொஞ்சம் பயம் வந்தது. பூந்தமல்லிக்குப் போனபோது கேட்டேன். கவாத்துக்கு அப்புறம் செடி மொட்டையாகத்தான் நிற்கும், பிறகு துளிர்க்கும் என்று கன்னியம்மாள் தைரியம் சொன்னாள். நான் இவ்வளவு அக்கறையாகச் செய்ததில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. தன் அம்மாவிடமும் சொன்னாள். நானும் மொட்டைக் குச்சிகளுக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன்.

மாசியில் குழந்தையோடு வந்தாள். நேராகக் கொல்லைக்குத்தான் போனாள். கூட வந்த மச்சினன் குச்சி வரிசையைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா இது?" என்றான். விளக்கினேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கவாத்துன்னா கெளைய வெட்டி உடுறது மாமா. நீ பட்டாளத்துக் கவாத்து உட்டுகினு கீறியே."

அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. அவள் குழந்தையை அவனிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு குச்சியையும் நகத்தால் கீறிப் பார்த்தாள். எதிலும் பச்சை இல்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்று தொட்டிலில் தெருவில் வாங்கிய மல்லிகைதான் தொங்கியது.

இப்போதும் எங்கள் வீட்டில் குடும்பப் படம் எடுக்க எல்லோரும் நிற்கும்போது, "அவரக் கிட்ட உடாதீங்க, கவாத்து பண்ணிடுவாரு" என்பாள். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

பூக்காரி வாசலுக்கு வந்தால் மட்டும் முதலில் ஒரு பன்னீர் ரோஜாவை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். பிறகு அதைக் கூடையிலேயே வைத்துவிட்டு, மல்லிகை வாங்கிக்கொண்டு உள்ளே வருவாள்.