ஒட்டுக்குக் கீழே ஒரு கிளை

"அம்மா, நீங்க ஆசையா வளத்து ஃபோட்டோ போட்டிருக்கறது ரோஜாவே இல்ல. ஒட்டுக் கட்டுன எடத்துக்குக் கீழ, காட்டு வேருல இருந்து கிளம்பின காட்டுக்கிளை. ஏழு வருசமா எங்களுக்குப் பாடம் நடத்துன அமுதவல்லி அம்மாவுக்கு இது தெரியாம இருக்காது. அதனால கேக்கறேன், நீங்க யாரு?"

கண்ணாயிரம் என்பவன் இப்படி எழுதியிருந்ததை அருணகிரி மூன்று தடவை படித்தார். பிறகு போனைக் கையில் பிடித்தபடியே தோட்டத்தில் இறங்கி அந்தக் கிளையைப் பார்த்தார். ஐந்தடி உயரம், பச்சைப் பசேலென்று நின்றது. நான்கு மாதமாக எலும்புத்தூளும் அதற்குத்தான், அரிசி கழுவிய தண்ணீரும் அதற்குத்தான். ஒட்டுக்கு மேலே இருந்த பழைய செடி ஒரு சாண் உயரத்துக்குச் சுருங்கிக் கிடந்தது.

"இவனுக்கு இன்னா தெரியும்?" என்று செடியிடம் கேட்டார். செடி கண்ணாயிரத்தின் பக்கம் நின்றது போலத்தான் இருந்தது.

அருணகிரி முப்பத்தோரு வருடம் ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம். ரோஜா தெரியாது. ரோஜா தெரிந்தவள் அவர் மனைவி அமுதவல்லி. சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். வீட்டைச் சுற்றி நாற்பத்திரண்டு தொட்டி வைத்திருந்தாள். ஃபேஸ்புக்கில் 'ரோஜா உறவுகள்' என்ற குழுவில் நாலாயிரம் பேருக்கு அவள் 'அமுதவல்லி அம்மா'. யாருக்கு மொட்டு கருகினாலும், இலையில் கரும்புள்ளி விழுந்தாலும் அவளிடம்தான் வருவார்கள்.

போன ஆவணியில் அவள் இறந்துவிட்டாள்.

காரியம் முடிந்த மூன்றாம் நாள் அலமாரியில் இருந்த அவளது போன் மணி அடித்தது. யாரோ கேட்டிருந்தார்கள்: "அம்மா, ரொம்ப நாளா காணோமே, நல்லா இருக்கீங்களா? என் பன்னீர் ரோஜா மொட்டு விரியாமலே காயுது."

'அவ இல்லீங்க' என்று அருணகிரி தட்டினார். அனுப்பவில்லை. ரேஷன் அட்டையில் அவள் பெயரை அடித்தாகிவிட்டது. பேங்கில் அடித்தாகிவிட்டது. அவள் சாகாமல் இருந்த இடம் உலகத்தில் இது ஒன்றுதான் மிச்சம். எழுதியதை அழித்துவிட்டு, 'நல்லா இருக்கேன். காஞ்ச மொட்டைக் கிள்ளிப் போடு, ரைட்' என்று அனுப்பினார். பதினோரு பேர் நன்றி அம்மா என்றார்கள். அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தூக்கம் வந்தது.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆடி மாதத்தில் அவள் வேலூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் போனையே நோண்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இங்க வந்து படுத்துக்கினும் ரோஜாதானா? ஒரு நாளாச்சும் என்னைப் பாரேன்" என்று போனைப் பிடுங்கி ஜன்னல் மேல் வைத்துவிட்டார்.

அவள் சிரித்தாள். "ரெண்டு நிமிசம் குடுய்யா. ஒரு வேலை பாக்கி இருக்குது."

அவர் கொடுக்கவில்லை. அவர் டீ குடிக்கப் போன சமயத்தில் நர்சிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தவர் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. மிச்சமிருந்த நாட்களில் ஒரு நாளை அப்படி வீணாக்கினார்.

இப்போது அவள் பெயரில் பதில் எழுதுவது அதற்குப் பரிகாரம் என்று நினைத்தார். ஆனால் பரிகாரத்துக்கும் ரோஜாவைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. இலை மஞ்சளாகிறது என்று வாணியம்பாடியிலிருந்து ஒருவர் கேட்டபோது, 'இன்ஜின் சூடானா வண்டியை ஓரங்கட்டுறது இல்லையா, நாலு நாள் தண்ணி ஊத்தாம வுடு' என்று எழுதினார். மலையில் பனி இருக்கிறது, செடி தாங்கும். வாணியம்பாடி வெயிலில் மூன்று செடி போய்ச் சேர்ந்தது.

அப்போதுதான் கண்ணாயிரம் முளைத்தான். புரட்டாசியிலிருந்து தினமும் அவன்தான். விடிந்தால் 'தண்ணி ஊத்தியாச்சா?' என்பான். 'தெற்குப் பக்கத் தொட்டிக்குக் கவாத்து பண்ணலியே, ஏன்?' என்பான். அருணகிரி குழுவில் நாலு வார்த்தை திட்டி எழுதிவிட்டு, யாரும் பார்க்காதபோது போய்க் கவாத்துப் பண்ணிவிட்டு வருவார். சண்டை உச்சத்துக்குப் போகும் நேரத்தில், 'மணி ஒண்ணாச்சு. சாப்ட்டு வந்து பதில் சொல்லுங்க, நானும் சாப்ட்டு வர்றேன்' என்று எழுதிவிட்டுக் காணாமல் போவான். இதைவிடக் கேவலமான நக்கல் கிடையாது என்று அருணகிரிக்குப் பட்டது. வெறும் வயிற்றில் அவனைச் சமாளிக்க முடியாது என்பதால் அவரும் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

இதுவரை செடியைப் பற்றித்தான் சண்டை. இன்றைக்கு ஆளைப் பற்றியே கேட்டுவிட்டான்.

அருணகிரி அலமாரியைத் துழாவி, செடியோடு அமுதவல்லி நிற்கும் படம் ஒன்றைத் தேடிப் பிடித்தார். அதைப் போனில் படம் பிடித்துப் போட்டு, 'நேத்து எடுத்தது. நான்தான் அமுதவல்லி, ரைட்' என்று எழுதினார்.

பதில் உடனே வந்தது. "பின்னால சுவத்துல 2021 காலண்டர் தொங்குதே. உங்க மலைக்குக் காலண்டர் லேட்டா வருமோ?"

அறுபத்துமூன்று பேர் சிரிப்பு முகம் போட்டார்கள்.

சாட்சி வேண்டும் என்று அருணகிரி முடிவு செய்தார். அன்று மாலைக்குள் 'மங்கம்மாள், படவேடு' என்று புதிதாக ஒரு கணக்கு தயாரானது. மங்கம்மாள் வந்ததும் வராததுமாக எழுதினாள்: "அமுதவல்லியை நேத்து வாரச்சந்தையில பாத்தேன். கெடா மாதிரி இருக்குது. சந்தேகப்படறவன் உருப்பட மாட்டான், ரைட்."

கண்ணாயிரம் கேட்டான்: "அந்தம்மாவும் ரைட், இந்தம்மாவும் ரைட். ரெண்டு பேருக்கும் ஒரே கண்டக்டரா?"

முப்பத்தோரு வருடம் காதில் விழுந்த சொல் விரலில் வந்து உட்கார்ந்திருந்ததை அருணகிரி அப்போதுதான் கவனித்தார். கோபத்தில், "நான் மங்கம்மாள்தான், கோயில் வாசல்ல சத்தியம் பண்றேன்" என்று எழுதி அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் தெரிந்தது, அதை அமுதவல்லியின் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தார்.

இந்தத் தடவை இருநூறு சிரிப்பு முகம்.

சரி, இவன் யார் என்று பார்த்துவிடுவோம் என்று கண்ணாயிரத்தின் பக்கத்தைத் திறந்தார். படம் இல்லை. ஊர் இல்லை. கணக்கே போன ஆடியில்தான் தொடங்கியிருக்கிறது. பழைய சண்டைகளைப் படித்துப் பார்த்தால், ஒரு வாரம் விவசாயக் கல்லூரி வாத்தியார் மாதிரி எழுதியிருந்தான். மறுவாரம் வரிக்கு நாலு எழுத்துப்பிழை. அதற்கடுத்த வாரம் மரியாதை சொட்டியது. குடிக்கிறவனாக இருக்க வேண்டும் என்று அருணகிரி நினைத்தார்.

"நீதான்டா போலி" என்று எழுதினார். ஏழு மாதத்தில் அந்தக் குழுவில் அவர் எழுதிய முதல் உண்மை அதுதான்.

"நான் போலின்னே வெச்சிக்கங்க" என்று அமைதியாகப் பதில் வந்தது. "நீங்க நெஜம்னா ஒரு வீடியோ போடுங்க. மொகம்கூட வேணாம், செடியைக் காட்டிப் பேசுங்க, குரல் போதும். இல்லேன்னா அட்மினைச் சொல்லிக் கணக்கைத் தூக்க வெக்கறேன்."

அருணகிரி அமுதவல்லியின் பக்கத்தைத் திறந்து பார்த்தார். கணக்கைத் தூக்கினால் ஏழு வருடத்துப் படங்களும் போகும். அவள் எழுதியதும் போகும். 'இன்னைக்கு எங்கூட்டுக்காரர் முதல் தடவையா ஒரு பூவைப் பாத்து நல்லாருக்குன்னாரு' என்று அவள் ஒரு நாள் எழுதியிருந்தாள். அதை அவர் அவள் போன பிறகுதான் படித்தார். அதுவும் போகும்.

தெருக்கோடியில் இருந்த தங்கை மாணிக்கம்மாளைக் கூட்டிவந்து, எழுதி வைத்திருந்த காகிதத்தைக் கையில் கொடுத்தார்.

"இன்னாண்ணா இது?"

"படி. அவ குரல் மாதிரி படி."

"எவ குரலு?"

"உங்கண்ணி குரலுதான். நான் செடியைக் காட்டறேன், நீ படி."

மாணிக்கம்மாள் அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். சமீபமாக அவரை எல்லோரும் பார்க்கும் பார்வை. பிறகு படித்தாள். "வணக்கம் உறவுகளே. நான் அமுதவல்லி. எல்லாரும் நல்லா இருக்கீங்களா? மண்புழு உரம் ரெண்டு கைப்பிடி…" அதற்கு மேல் ஓடவில்லை. "எங்கண்ணி எவ்ளோ ஆசையா வளத்த செடி, எந்த நெலமையில வெச்சிருக்கற பாரு. செத்தவளைப் பேச வெக்கறியே, உனக்கு ஒரு வாய் சோறு போட்டுப் பாத்துக்கக்கூட ஆளு இல்லாம போச்சே" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

அருணகிரி சட்டென்று வீடியோவை நிறுத்தினார். நிறுத்தியதாகத்தான் நினைத்தார். முதல் பகுதி மட்டும் போதும் என்று குழுவில் போட்டுவிட்டு, தங்கைக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். திரும்பி வந்து பார்த்தபோது வீடியோ முழுசாகப் போயிருந்தது. அழுகை, ஒப்பாரி, "அழாத புள்ள" என்ற அவர் குரல், கடைசியில் அவருடைய செருப்பு.

அவசரமாக அழித்தார். அதற்குள் நாற்பது பேர் பார்த்திருந்தார்கள்.

ஒருவர்கூடச் சிரிப்பு முகம் போடவில்லை. கண்ணாயிரம்கூட ஒன்றும் எழுதவில்லை. மணி ஒன்றாயிற்று, ஒன்றரையாயிற்று. அன்றைக்கு அவர் சாப்பிட மறந்துபோனார்.

சாயங்காலம் அட்மின் ரேணுகாதேவி இரண்டே வரி எழுதினாள். "ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேர் ஜமுனாமரத்தூர் வருகிறோம். நேரிலேயே பார்த்துவிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அருணகிரி கத்தரியை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார். அந்த ஐந்தடிக் கிளையை ஒட்டுக்குக் கீழே, அடியோடு வெட்டினார். கண்ணாயிரம் சொன்ன முதல் நாளே அவருக்குத் தெரியும். அவர் கையால் உயிரோடு வளர்ந்தது அது ஒன்றுதான் என்பதால் விட்டு வைத்திருந்தார். பிறகு நாற்பத்திரண்டு தொட்டிக்கும் தண்ணீர் ஊற்றினார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். பங்குனி வெயிலிலும் மலைக்காற்று சில்லென்று வந்தது.

பன்னிரண்டரை மணி பஸ்ஸில் வந்தார்கள். வாணியம்பாடியில் டீச்சராக இருக்கும் ரேணுகாதேவி. மருந்துக்கடை வைத்திருக்கும் தனசேகரன், இலை மஞ்சளாகிறது என்று கேட்டு மூன்று செடியைப் பறிகொடுத்தவர். மூன்றாவதாக ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அம்மாக்கண்ணு. கையில் ஒரு தூக்குச்சட்டியோடு வந்து, யாரிடமும் பேசாமல் நேராகத் தொட்டிகளிடம் போய்க் குனிந்துவிட்டாள்.

அருணகிரி எழுந்து நின்றார். மூன்று நாளாக ஒத்திகை பார்த்த பொய் ஒன்று இருந்தது. அமுதவல்லி மகளைப் பார்க்க ஊருக்குப் போயிருக்கிறாள் என்பது. அவர்களுக்கு மகளே கிடையாது. வாயைத் திறந்ததும் அது வரவில்லை.

"அவ இல்லீங்க" என்றார். "ஆவணியில போய்ட்டா. இத்தினி நாளா எழுதுனது நானு. மங்கம்மாளும் நான்தான்."

ரேணுகாதேவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"உங்க செடி மூணும் என்னாலதான் போச்சு" என்றார் தனசேகரனைப் பார்த்து.

"பரவால்லீங்க. வேற செடி வெச்சிக்கினேன்."

"என்னைத் தூக்கிடுங்க. ஆனா அவ போட்டதை அழிச்சிடாதீங்க. எனக்குப் படிக்கறதுக்கு வேற ஒண்ணும் இல்ல." வாசலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்தக் கண்ணாயிரம் வரலியா? அவன் மொகத்தை ஒரு தடவை பாக்கணும்."

"எதுக்குங்க?"

"திட்டறதுக்குத்தான். ஏழு மாசமா ஒரு வேளை வுடாம எங்கூட மல்லுக்கட்டினவன். நாலாயிரம் பேருல அவன் ஒருத்தன்தான் என்னைக் கண்டுபுடிச்சான். அமுதா எப்படி மடக்குவாளோ, அச்சு அசலா அதே மாதிரி மடக்குவான். இந்த மூணு நாளா அவன் ஒண்ணும் எழுதலை." குரல் இறங்கிவிட்டது. "அவனுக்கு ஒடம்புக்கு ஏதாச்சும்ங்களா?"

அம்மாக்கண்ணு தொட்டியிலிருந்து நிமிர்ந்தாள். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, தூக்குச்சட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"மொதல்ல துன்னுண்ணா, மணி ஒண்ணாவப் போவுது, கண்ணாயிரம்னு ஆளே கெடையாது, 'நான் போய்ட்டா என் போனு எங்கூட்டுக்காரரு கையிலதான் இருக்கும், அவருகூட சண்டை போட ஆளு இருக்காது, மனுசன் வேளைக்கு சோறு துன்ன மாட்டாரு, ஆளுக்கு ஒரு வாரம் மொற வெச்சிச் சண்டை போடுங்க'ன்னு ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கினு அக்கா தொறந்து எங்க கையில குடுத்துட்டுப் போன கணக்கு அது, இந்த வாரம் என் மொற."