வழிமொழிபவர்

கூட்டங்களில் முன்மொழிபவர் என்றொரு இனம் உண்டு. அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எதிர்ப்பவர் என்று இன்னொன்று. அதைப் பற்றி மற்றவர் எழுத வேண்டியதில்லை, அதுவே எழுதிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில், சுவரோர நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, கவனித்ததுண்டா? அவர்தான் வழிமொழிபவர்.

நம்மவர் பிறக்கும்போதே அப்படியில்லை. இரண்டு ஏக்கரில் தக்காளி போட்டவர். நிலம் மூன்றாம் மதகின் கீழே. முறைநாளில் தண்ணீர் வயலை எட்டுவதற்குள் யாராவது மதகை இறக்கிவிடுவார்கள்.

"சங்கத்துல சேருங்க. விவசாயிகளுக்காகப் பேசற சங்கமாம். போய் நம்ம மதகைப் பத்தி ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க" என்று மனைவி விரட்டினாள்.

ஒரு வார்த்தைதான். அதையும் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

முதல் கூட்டம். உர விலை பற்றிய தீர்மானத்தைத் தலைவர் வாசித்து முடித்தார். செயலாளர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. அந்த மௌனத்தை நம்மவரால் தாங்க முடியவில்லை. "நான் வழிமொழியறேன்" என்றுவிட்டார். கை தட்டினார்கள். குறிப்பேட்டில் பெயர் ஏறியது. தேநீர்த் தட்டு முதலில் அவரிடம் வந்தது. ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அதன்பின் பயிர்க் காப்பீடு, குளிர்க்கிடங்கு, சாலைப் பள்ளம், காட்டுப்பன்றி, செயலாளருக்குப் பாராட்டு, போன கூட்டத்தில் பாராட்டியதற்கு இந்தக் கூட்டத்தில் செயலாளரின் நன்றி என்று எதுவானாலும், தலைவரின் குரல் "இச்சங்கம் தீர்மானிக்கிறது" என்று இறங்கும்போது நம்மவரின் கை ஏறியிருக்கும். விஷயத்தைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. குரல் இறங்கினால் போதும்.

"மதகு என்னாச்சு?" என்பாள் மனைவி.

"அடுத்த கூட்டத்துல."

பேசியிருக்கலாமே என்கிறீர்களா? பேசினால் அது முன்மொழிவதாகிவிடும். அதை வழிமொழிய ஆள் வேண்டாமா? சங்கத்தில் அந்த வேலைக்கு இருந்த ஒரே ஆள் அவர்தானே.

செடிகள் பூவெடுத்த வாரம் அது. "நீர் குறைந்துவருவதால் மூன்றாம் மதகை இருபது நாள் மூடிவைக்கும்படி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்ள இச்சங்கம் தீர்மானிக்கிறது" என்றார் தலைவர்.

கை ஏறியது. காதில் விழுந்தது அதற்கப்புறம்தான்.

"அண்ணே, அது உங்க மதகாச்சே!" என்றார் பக்கத்திலிருந்த கத்தரிக்காய்க்காரர்.

"தியாகம்னா இதுதான்யா!" என்றார் தலைவர்.

கைதட்டல். "இல்லீங்க..." என்று ஆரம்பித்த நம்மவர், கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருந்தார். கைதட்டும்போது குறுக்கே பேசுவது மரியாதையில்லை. ஓய்ந்தபோது செயலாளர் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தார்.

வீட்டில் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "இருபது நாளா? பூவெல்லாம் கொட்டிப் போயிடுமே! யாரு கொண்டுவந்தது?"

"தலைவர்."

"அவருக்கென்ன, மொத மதகுக்காரர். சரின்னு சொன்ன புண்ணியவான் யாரு?"

"ஒருத்தர்."

"அந்த ஆளு உருப்படுவானா?"

"உருப்படமாட்டான்" என்றார் நம்மவர். அதையும் மனப்பூர்வமாக வழிமொழிந்தார்.

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்து வயலுக்குப் போனாள். மறுநாள் சங்கத்தின் உறுப்பினர் படிவம் ஒன்று மேசைக்கு வந்தது. எல்லாம் நிரப்பியிருந்தது. முன்மொழிபவர் இடத்தில் பக்கத்து வயல்காரியின் கையெழுத்து. சங்கத்தில் சேர்ந்து ஒரு வாரமாகியிருந்த அவளுக்கும் அதே மதகுதான். கீழே ஓர் இடம் காலி.

"போடுங்க. உங்களுக்குத்தான் பழக்கமாச்சே" என்றாள் மனைவி.

போட்டார். நல்ல கையெழுத்து.

அடுத்த கூட்டத்தில் மனைவி எழுந்து நின்று மதகைத் திறக்கச் சொன்னாள். நம்மவர் கையைத் தூக்குவதற்குள் வயல்காரி வழிமொழிந்துவிட்டாள். பதினோராம் நாள் தண்ணீர் வந்தது. பாதிப் பூ அதற்குள் கொட்டியிருந்தது. மீதிப் பாதியைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றவருக்கு, தானும் இப்படித்தான் பாதி மனிதன் என்று தோன்றியது. மறுத்துப் பேச உள்ளுக்குள்ளும் ஆளில்லை.

வாசகரே, இப்படியொரு அசடு உலகத்திலேயே கிடையாது என்று இங்கே முன்மொழியப்படுகிறது. அதற்குள் என்ன தலையாட்டல்? யாருடைய மதகு என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.