பச்சைப் பொட்டலத்தை இடப்பக்கம் நகர்த்தியது

அன்பும் மரியாதையும் நிறைந்த பெய்-ரூ அக்காவுக்கு,

தம்பி ஜிங்-யாவ் வணக்கத்துடன் எழுதுவது. நலம். சின்சூவில் மழை. காற்று என் குடையைக் கொண்டுபோய்விட்டது.

வெள்ளிக்கிழமை என் தகுதிகாண் காலத்தின் கடைசி நாள். மாலைக்குள் மேலாளர் ஜுவாங் முடிவு சொல்ல வேண்டும். வேலை நிரந்தரம், அல்லது மூட்டையைக் கட்டு. காலையில் எங்கள் ஆப்பைப் பார்த்து வண்டி ஓட்டும் பேருந்து ஓட்டுநர் காங் அழைத்தார். "தம்பி, பஸ் ஓடுது. உங்க ஆப்தான் ஓடல." பிறகு எல்லா ஓட்டுநர்களும்.

ஜுவாங் நேராக சர்வர் அறைக்குப் போனார். இயந்திரத்தின் தலையில் பச்சைப் பொட்டலம். உன் மருத்துவமனையிலும் இருக்குமே, இயந்திரங்கள் சொன்ன பேச்சைக் கேட்பதற்காக வைக்கிற அதே சோளப்பொரி. நிறம் சரி. யாரும் பிரித்துத் தின்னவில்லை. தேதியும் முடியவில்லை. அலுவலகமே சுற்றி நின்று பார்த்தது. பொட்டலத்தின் தேதிக்கு ஒரு பொறுப்பாளர், அவருக்கு ஒரு துணை, காலண்டரில் சிவப்பு வட்டம். ஆப்பில் நாங்கள் இடும் டிஜிட்டல் கையொப்பத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அதற்கும் ஒரு தேதி உண்டு, அது கடந்தால் போன் ஆப்பைத் திறக்காது. அதற்குப் பொறுப்பாளர் இல்லை. சான்றிதழைத் திறந்து பார்த்தேன். வியாழனோடு காலாவதி.

சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை.

"பொட்டலத்த கொஞ்சம் இடது பக்கம் நகத்து."

நகர்த்தினேன், அக்கா. வேலை வேண்டுமே. இன்னும் கொஞ்சம் நகர்த்தலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது புதுச் சான்றிதழ் எடுத்து, ஆப்பில் மறுபடி கையொப்பமிட்டு, ஓட்டுநர்களுக்கு அனுப்பினேன். காங் அழைத்தார். ஓடுகிறதாம்.

ஜுவாங் என் தோளைத் தட்டினார். "இடது பக்கம்னு சொன்னது நான். ஆனா நகத்துன கை உன்னுது. நிரந்தரம், போ."

கையொப்பமிட்டதும் அதே கைதான். வெளியே வந்து மழையில் நின்று சிரித்தேன். பிறகு மாட்டிறைச்சி நூடுல்ஸ், பெரிய கிண்ணம்.

அத்தானுக்கு வணக்கம், குட்டிக்கு முத்தம். அம்மாவிடம் மட்டும் மூச்சு விடாதே. நான் புத்தாண்டுக்கு முன்பே நிரந்தரமாகிவிட்டேன் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். நானும் மறுக்கவில்லை.

என்றும் உன் நலம் வேண்டும்,
ஜிங்-யாவ்

பி.கு.: நியமனக் கடிதத்தில் கையொப்பம் செல்லாதாம். பெயர் முத்திரைதான் வேண்டுமாம். கடையில் புதிதாகச் செதுக்கியது ஆகாது, சேரும்போது குத்திய அதே முத்திரை, அடுத்த வெள்ளிக்குள். இல்லையென்றால் நிரந்தரம் இல்லை. 'நீ தொலைச்சிடுவ' என்று அம்மா அதை வாங்கி பீரோவில் பூட்டியிருக்கிறாள். எதற்கு என்று கேட்காமல் தரமாட்டாள். ஆகவே அம்மாவிடம் சொல்லிவிடு. எல்லாவற்றையும்.