ஜெஸ்மியின் ஒன்றரை லிட்டர்

காலையில் கொடுத்தனுப்பியதைவிட மாலையில் தண்ணீர் கூடுதலாக இருந்தது.

சஜு பாட்டிலைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காலையில் அவரே மார்க்கர் பேனாவால் போட்ட கோடு அப்படியே இருந்தது. அதற்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் சீரகத் தண்ணீர் அமைதியாக நின்றது.

"மக்கா ஜெஸ்மி, இது எப்பிடி கூடிச்சு?"

"சுமி ஊத்தினா."

"என்னத்துக்கு?"

"அவளுக்க குப்பி காலியா வரல்லேண்ணா அவ அம்மா ஏசும்."

"அப்போ நீ?"

"நீங்க ஏச மாட்டியளே" என்றாள் மகள் ஜெஸ்மி. அவள் இரண்டாம் வகுப்பு. மனிதர்களை எடை போடுவதில் அதற்கும் மேலே.

பாறசாலையை அடுத்த பஞ்சாயத்தின் குடிநீர்த் திட்டத்தில் சஜு பம்ப் ஓட்டுகிறார். தினமும் காலை முந்நூற்று நாற்பது வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றுகிறார். ஒரே ஒரு தொண்டைக்கு ஏற்ற முடியவில்லை. இது ஊரில் தெரிந்துவிடக் கூடாது என்பது அவருடைய முதல் கவலை.

இரண்டாவது கவலைதான் பெரியது. போன மாதம் ஜெஸ்மிக்குச் சிறுநீர்த் தொற்று வந்து மூன்று ஊசி போட்டார்கள். மூன்றுக்கும் ஜெஸ்மி அழுதாள். இரண்டுக்குச் சஜுவும் அழுதார். அந்த விஷயத்தை வீட்டில் யாரும் பேசுவதில்லை. "பிள்ளை பள்ளிக்கூடத்துல தண்ணியே குடிக்கிறதில்லபோல. சாயங்காலம் பாட்டில் காலியா வரணும். அடுத்த மாசம் டெஸ்ட். அதுலயும் சரியில்லைன்னா திருவனந்தபுரத்துல ஸ்கேன், அட்மிஷன்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

பள்ளியில் தண்ணீர் குடிக்க வைப்பதற்கென்றே தினமும் இரண்டு முறை மணி அடிக்கிறார்கள். மணி அடித்ததும் ஜெஸ்மி பாட்டிலைத் தூக்குவாள், உதட்டில் வைப்பாள், "ஹா" என்று மூச்சு விடுவாள், மூடிவிடுவாள். ஒரு சொட்டு உள்ளே போகாது.

"நாட்டுக்கு முழுக்க வெள்ளம் விடுதிய. வீட்டில ஒரு பிள்ளைக்கு விட முடியல்ல" என்றாள் மனைவி அஜிஷா.

"பிள்ளைக்க குற்றம் இல்ல. குப்பிக்க குற்றமாக்கும்."

சொன்ன பிறகு சஜுவுக்கே அது உண்மையாகத் தோன்றியது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜங்ஷனில் இருக்கும் பினுவின் கடைக்குப் போனார்.

பினு பாத்திரக் கடைக்காரன். விஞ்ஞானம் அவன் படிக்காத பாடம். ஆகவே அதில் அவனுக்குத் தயக்கமே கிடையாது.

"அண்ணா, பிளாஸ்டிக்கிலயா குடுக்குதிய?" என்று எலி மருந்தைப் பற்றிக் கேட்பவன்போலக் கேட்டான். பிறகு ஒரு ஸ்டீல் பாட்டிலை எடுத்து, காந்தம் ஒன்றை அதன்மேல் வைத்தான். காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்தது. "கண்டா? ஒட்டல்ல. ஒறிஜினலாக்கும். இருபத்துநாலு மணிக்கூறு சூடு நிக்கும்."

மறுநாள் காலை அஜிஷா கொதிக்கக் கொதிக்க இறக்கிய சீரகத் தண்ணீரைச் சஜு அதில் ஊற்றி அனுப்பினார். மாலையில் பாட்டில் நிறைந்தே திரும்பியது. திறந்தபோது ஆவி பறந்தது.

"சுடுது அப்பா" என்றாள் ஜெஸ்மி.

பினு பொய் சொல்லவில்லை.

அடுத்த நாள் தண்ணீரை ஆறவைத்து ஊற்றினார். ஒழுகக் கூடாதே என்று மூடியை இறுக்கினார். பதினைந்து வருடமாக இரும்பு வால்வுகளைத் திருகிய கை அது. ஜெஸ்மியால் திறக்க முடியவில்லை. ஆதிரா டீச்சராலும் முடியவில்லை. பியூனும் இரண்டு ஐந்தாம் வகுப்புப் பையன்களும் சேர்ந்து முயன்றார்கள். கடைசியில், பள்ளி வேன் ஓட்டும் சதாசிவன் ஸ்பேனர் கொண்டுவந்து திறந்தார். மூடி திறந்தது, அதன் மரையும் போனது.

மரை போன மூடி மறுநாள் பைக்குள் தானாகத் திறந்துகொண்டது. கணக்கு நோட்டு, மலையாளப் புத்தகம், டைரி எல்லாம் குடித்தன. ஜெஸ்மி மட்டும் குடிக்கவில்லை. டைரியில் எழுத உலர்ந்த இடமில்லாததால் ஆதிரா டீச்சர் தனித் தாளில் எழுதி அனுப்பினார்: "எந்தா சேட்டா இது?"

"உங்க பிள்ளைக்கு உறிஞ்சுதது வேணும்" என்றான் பினு. "குழல் வெச்சதாக்கும் இப்போ பிள்ளையளுக்கு இஷ்டம்."

குழல் பாட்டில் உண்மையிலேயே ஜெஸ்மிக்குப் பிடித்துவிட்டது. குடிப்பதற்கல்ல. ஒரு பக்கமாகக் கடித்துக்கொண்டு ஊதினால் அது விசில் அடித்தது. தண்ணீர் மணி அடித்தவுடன் இரண்டாம் வகுப்பு ஆ பிரிவு பஸ் ஸ்டாண்டு போல ஆயிற்று. மூன்றாம் நாள் டீச்சர் பாட்டிலைப் பறிமுதல் செய்தார்.

"ஆக, இப்போ குப்பியே இல்ல" என்றாள் அஜிஷா. "டெஸ்டுக்கு இனி பதினாறு நாள். எனக்க பிள்ளைய அட்மிட் பண்ணினா, அங்க கூட நிக்கியது நீங்களாக்கும். ஊசி போடும்போ நான் வெளிய நிப்பேன். உங்கள யாரு பிடிக்கியது?"

சஜு அன்று மாலையே மறுபடியும் பினுவின் முன்னால் நின்றார். பினு எழுந்தான். உள்ளே போய், இரண்டு கையாலும் ஒரு பாட்டிலைத் தூக்கி வந்து மேசையில் வைத்தான். ஒன்றரை லிட்டர். அகன்ற வாய். உடம்பு முழுக்கக் கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு மணி நேரம். ஒன்பது மணிக்கு இவ்வளவு, பத்து மணிக்கு இவ்வளவு.

சஜு உருகிவிட்டார். பம்ப் ஹவுஸ் டேங்கின் அளவுகோல் மாதிரியே இருந்தது.

"எலே பினு, அரை லிட்டர் குடிக்காத பிள்ளை ஒண்ணரை குடிக்குமா?"

"அண்ணா, சின்ன குப்பிய கண்டா பிள்ளைக்கு ஒரு மதிப்பு இல்ல. அதாக்கும் குடிக்காதது."

இதில் ஏதோ உண்மை இருப்பதாகச் சஜுவுக்குப் பட்டது.

மறுநாள் காலை அஜிஷா வடிகட்டியை எடுத்தாள். சஜு தடுத்தார்.

"அரிக்காண்டாம். சீரகம் உள்ள கிடக்கட்டும். அரிச்சா சத்து போயிரும்."

ஜெஸ்மி பாட்டிலைத் தோளில் மாட்டினாள். உடனே ஒரு பக்கமாகச் சாய்ந்தாள்.

"இஞ்ச பாருங்க, பிள்ளை சரிஞ்சு நடக்குது."

"சாயங்காலம் நிமிர்ந்து வரும். குப்பி காலியாயிருமே."

அப்படிச் சொன்னாரே தவிர, அன்று முழுவதும் அவருக்கு வேலை ஓடவில்லை. பம்பை நிறுத்த மறந்து டேங்க் நிரம்பி வழிந்தது.

பள்ளி வேன் வழக்கமாக ஐந்து மணி நெருங்கித்தான் வரும். சர்ச் ஏற்றத்தில் நின்று நின்று வருகிற வண்டி. அன்று நாலேகாலுக்கே வந்துவிட்டது. ஜெஸ்மி இறங்கினாள். நிமிர்ந்து நடந்து வந்தாள்.

சஜு பாட்டிலை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரே ஒரு சீரகம் விழுந்தது.

"மக்கா! வெள்ளம் எங்க?"

"தீந்துபோச்சு" என்றாள் ஜெஸ்மி. "அப்பா, தாகிக்குது. வெள்ளம் தாங்க."

நின்ற நிலையில் இரண்டு டம்ளர் குடித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு மூன்றாவதும் கேட்டாள்.

அஜிஷா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். கண்கள் நிறைந்துவிட்டன. "பழக்கம் வந்தாச்சு" என்று சஜு தணிந்த குரலில் சொன்னார். "குடிக்கக் குடிக்கத் தாகம் கூடும். பம்புக்கும் அப்பிடித்தான்."

காலி பாட்டிலைப் படம் எடுத்துச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பதினொரு பேர் "ஆமென்" என்று எழுதினார்கள்.

மறுநாளும் காலி. அதற்கு மறுநாளும் காலி. தினமும் வீட்டுக்கு வந்ததும் மூன்று டம்ளர். பதினாறாம் நாள் டெஸ்ட் எடுத்தார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்து, "ஒரு பிரச்சினையும் இல்ல. ஸ்கேன் வேண்டாம்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, "அந்த பாட்டில் எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார்.

அதன் பிறகு சஜுவைப் பிடிக்க முடியவில்லை. சைக்கிளில் போகிறவரை நிறுத்திப் பெற்றோர்கள் ஆலோசனை கேட்டார்கள். முதலில் சுமியின் அம்மா வாங்கினாள். பிறகு வேனில் போகும் பதினான்கு பிள்ளைகளுக்கும் வாங்கினார்கள். பினு கடை வாசலில் 'சஜு அண்ணன் மாடல்' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டான். பதினான்கு பிள்ளைகளும் காலையில் சரிந்து போனார்கள், மாலையில் நிமிர்ந்து வந்தார்கள். "அரிக்காதீங்க, சத்து போயிரும்" என்ற வாக்கியம் பதினான்கு சமையலறைகளுக்கும் பரவியது.

அந்த மாதப் பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை, "நம்முடைய சஜு சார் இரண்டு வார்த்தை பேசுவார்" என்றார்.

சஜுவை யாரும் அதற்கு முன்பு சார் என்று சொன்னதில்லை. தேய்த்த சட்டையோடு, பாட்டிலைக் கையில் ஏந்தி மேடையேறினார். முதல் வரிசையில் அஜிஷா. கதவோரம் ஆதிரா டீச்சர். கடைசியில், வண்டிச் சாவியை விரலில் சுழற்றியபடி சதாசிவன்.

"பிள்ளையளுக்கு குப்பி வாங்கும்போ மூணு காரியம் பாக்கணும்" என்றார் சஜு. "ஒண்ணு, அளவு. பிள்ளை சின்னதுண்ணு குப்பி சின்னதாகப்பிடாது. அரை லிட்டர் ஒண்ணுக்கும் காணாது."

சதாசிவன் தலையை ஆட்டினார்.

"ரெண்டு, வாய் அகலமா இருக்கணும். வெள்ளம் தடையில்லாம சாடி விழணும்."

சதாசிவன் இன்னும் பலமாக ஆட்டினார்.

"மூணு, பிள்ளைய நம்பணும். மக்கா ஜெஸ்மி, எழும்பி சொல்லு. உனக்க குப்பி தினமும் எப்பிடி வருது?"

"காலியா!" என்று ஜெஸ்மி உரக்கச் சொன்னாள்.

கைதட்டல் ஓய ஒரு நிமிடம் ஆயிற்று. அஜிஷா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். ஆதிரா டீச்சர் பறிமுதல் செய்த குழல் பாட்டிலை அந்த இடத்திலேயே மன்னித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்று சஜு பெருந்தன்மையாகக் கேட்டார்.

கடைசியில் ஒரு கை உயர்ந்தது. சதாசிவன்.

"சந்தேகம் இல்ல சாரே, நன்றியாக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போ பிள்ளையளுக்க குப்பியெல்லாம் நெறஞ்சபடியே இருக்கு, அதனால இப்போ சர்ச் ஏற்றத்தில வண்டி நிக்கியதே இல்ல. நாளை முதக்கொண்டு சீரகத்த மட்டும் அரிச்சு எடுத்திட்டு குடுத்து விடணும், ரேடியேட்டர்ல போய் அடைக்குது."