அழாத கண்ணுக்கு டாக்டர் சீட்டு

கறம்பக்குடி மதினி அமிர்தவல்லி அவர்களுக்கு நார்த்தாமலையிலிருந்து மூக்காயி எழுதுவது. இங்கு அனைவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது முறை, ஆகையால் விசாரித்திருக்கிறேன்.

என் அண்ணன் இறந்து பதினோரு மாதம் ஆகிறது. அன்றைக்கு நான் கோடிச் சேலையோடு வந்து, உங்களைக் கட்டிப்பிடித்து, தொண்டை கிழிய ஒப்பாரி வைத்தேன். நீங்கள் என் முகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அத்தனை பொம்பளைகள் நடுவில், "தொடச்சு வச்ச தாம்பாளம் மாதிரில்ல இருக்கு கண்ணு! ஒரு சொட்டு இல்ல. கூடப்பொறந்தவளாம்!" என்றீர்கள். இப்போது வருசத் தெவசத்துக்கு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, எனக்கு மட்டும் சொல்லவில்லை என்று கேள்வி. உங்கள் மகன் உதயசூரியன் காதுகுத்துப் பந்தியில் எனக்கு அப்பளம் வைக்காமல் தாண்டிப் போனதை முப்பத்தெட்டு வருசமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் இதை விட முடியாது.

போன வாரம் கண் உறுத்துகிறது என்று பேத்தி காவ்யா புதுக்கோட்டை டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் கீழ் இமைக்குள் ஒரு காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிஷம் உட்கார வைத்தார். கண்ணீரில் நனைய வேண்டுமாம். எடுத்தபோது அதிலேயே இந்தக் கடிதத்தை எழுதியிருக்கலாம், அப்படிக் காய்ந்து கிடந்தது. கண்ணில் நீர் வற்றியிருக்கிறது என்று சீட்டு எழுதித் தந்தார். காவ்யா காலேஜில் இதைத்தான் படிக்கிறாள். அவளிடம் கேட்டேன்.

"கண்ணுக்கு மேல ஒரு சுரப்பி இருக்கு அப்பத்தா. அதுல உள்ள செல்லெல்லாம் கண்ணீருக்கான சரக்கைச் சின்னச் சின்னப் பையாக் கட்டி வாசப்பக்கம் அடுக்கி வச்சிருக்கும். தானா விடாது. நரம்பு வந்து சொல்லணும். சொன்னதும் செல்லுக்குள்ள கால்சியம் ஏறும், பை சுவரோட ஒட்டி வாயைத் தொறந்து வெளிய கொட்டிரும்."

"கால்சியமா? எலும்புக்குத் தர்றாங்களே, அதா?"

"அதேதான்."

"அப்ப நாலு வருசமா நான் முழுங்குனதெல்லாம் எங்கிட்டுப் போச்சு?"

அது கிடக்கட்டும். அண்ணன் போன அன்றைக்குச் சரக்கு இருந்தது, உத்தரவும் போயிருக்கிறது, வாசல்தான் திறக்கவில்லை. குற்றம் செல்லின் மேல், என் மேல் இல்லை. டாக்டர் சீட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அதே பொம்பளைகளை உட்கார வைத்து உதயசூரியன் இதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அப்புறம் நீங்கள் முறையாக வந்து என்னைக் கூப்பிட வேண்டும்.

உங்கள் முழங்கால் சீக்கிரம் மடங்கட்டும், பேரன் பேத்திகள் நல்லா இருக்கட்டும்.

இப்படிக்கு,
மூக்காயி

பி.கு.: காவ்யா இதைப் படித்துவிட்டு, "கண்ணு காஞ்சது இந்த மூணு மாசமாத்தானே அப்பத்தா? அன்னைக்கு பஸ்ல நானும்தானே இருந்தேன்" என்கிறாள். சரி, சொல்லிவிடுகிறேன். துக்க வீட்டிலிருந்து திரும்பும்போது ஆலங்குடி தாண்டுவதற்குள் முந்தானையைப் பிழிய வேண்டியதாகிவிட்டது. செல் மேல் பழி போட்டது தப்பு. உங்களைக் கட்டிப்பிடித்ததும் எனக்கு அந்த அப்பளம் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் கூப்பிடாவிட்டாலும் தெவசத்துக்கு வருவேன். பந்தியில் அப்பளம் வையுங்கள், மற்றதைக் கண் பார்த்துக்கொள்ளும்.