கண்மாய்க் குரூப்பில் அத்தை

"அப்பா! சித்தப்பாவை எதுக்கு எங்க குரூப்ல சேர்த்தீங்க?" தேவிப்ரியா அலறியபோது மணி நாலு.

அது ஒன்றும் இலுப்பூர்ச் சொந்தக்காரர் குரூப் இல்லை. நாடு விட்டு நாடு இருக்கிற மாணவர்கள் வாட்ஸ்அப்பில் கூடிச் செய்யும் கண்மாய்ப் பாசன ப்ராஜெக்ட். பின்லாந்து ஐனோ, கனடா ஜஸ்டின், நம்ம தேவிப்ரியா, மூணே பேர். ஒரு மாசமாக இங்கிலீஷில் தட்டித் தட்டி அவளுக்கு விரலே தேய்ந்துவிட்டது. ப்ராஜெக்ட் தவிர வேறு பேச்சே கிடையாது. அஞ்சு மணிக்கு லீடர் ஜஸ்டின் டீம்வொர்க் மார்க் போடுவார். முழு மார்க் என்றால் பத்து நாள் கனடா! பாஸ்போர்ட்டுக்குப் போட்டோகூட எடுத்தாச்சு.

கண்மாய்ப் படம் வேணுமென்று அவளே அப்பா அழகுமலையை உள்ளே சேர்த்ததுதான் வினை.

"படம் சிவசாமிகிட்டதானம்மா இருக்கு. தம்பியச் சேர்த்துட்டு அக்காவ விட்டா, அவ நம்ம வாசப்படி மிதிப்பாளா? அதான்..."

"அதான்?"

"ஒருத்தரையும் விடல. முப்பத்திரண்டு பேரு."

அடக் கடவுளே! சாயங்காலம் நாலு மணிக்குப் பூப்போட்ட காலை வணக்கமாகக் குவிந்தது. ஐனோ, பாவம், ஒவ்வொன்றுக்கும் பதில் வணக்கம் போட்டுக்கொண்டிருந்தாள்.

பதறிப்போன தேவிப்ரியா, முதல் வேலையாக அத்தை பிரகதாம்பாளைக் குரூப்பிலிருந்து தூக்கினாள். மறு நிமிஷம் அப்பாவின் போன் அலறியது.

"ஏண்டா, அம்புட்டுப் பேரையும் வச்சுக்கிட்டு என்னைய மட்டும் வெளிய தள்ளுவீங்களா? விசேஷத்துக்குப் பத்திரிகை வைக்காத மாதிரில்ல இருக்கு!"

அப்பா மறுபடி சேர்த்தார். சேர்த்த கையோடு அத்தையிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்.

"எம் மருமக தங்கம். எல்லாம் அந்தக் கனடாக்காரன் வேலை. குடும்பத்தப் பிரிக்க வந்த வெளங்காத பய!"

"உங்கள் அத்தை என்ன சொல்கிறார்?" ஜஸ்டின் இங்கிலீஷில் கேட்டார்.

"உங்களை ஆசீர்வதிக்கிறார்" என்று தட்டினாள் தேவிப்ரியா.

"கனடா என்று காதில் விழுந்ததே?"

"அங்கேயும் நல்ல மழை பெய்யணுமாம்."

சித்தப்பா சிவசாமி சும்மா இருப்பாரா? "அவன் உருப்படவே மாட்டான்க்கா!" என்று ஒத்து ஊதினார்.

"இவரும் ஆசீர்வாதமா?"

"எங்கள் பக்கம் பெரியவர்கள் சேர்ந்துதான் ஆசீர்வதிப்பார்கள்."

மணி அஞ்சு. ஜஸ்டினிடமிருந்து முதல்முறையாக ஒரு வாய்ஸ் மெசேஜ். போச்சு, கனடா போச்சு! கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள்.

"அத்தையக் கடைசிவரைக்கும் விட்டுக்குடுக்கல பாருங்க, அதுக்கே டீம்வொர்க்குல முழு மார்க் போட்டுட்டேன். மொழிபெயர்ப்புக்குத்தான் சைபர்... எனக்குச் சொந்த ஊரு கந்தர்வக்கோட்டைங்க!"