மூன்று புதுசு, ஒரு பழசு

"டிஸ்க்கில் இடமில்லை" என்று மூன்றாம் முறையாகக் கைவிரித்தது கம்ப்யூட்டர்.

மேனேஜர் சொக்கப்பன் வாசலில் நின்றார். "ராஜமாணிக்கம், பன்னெண்டு மணிக்குள்ள பால் எடை ரிப்போர்ட் வரணும். இல்லேன்னா இந்தப் பெட்டி லோரியில ஏறி சிரம்பான் ஹெட் ஆபீசுக்குப் போயிரும். உங்களுக்குப் பழையபடி டைப்ரைட்டர்தான்!"

கணக்கெழுதும் கிராணி இராஜமாணிக்கம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். போர்டிக்சன் பக்க ரப்பர் தோட்டங்களில் லினக்ஸ் ஓடும் ஒரே ஆபீஸ் இது. பெட்டியை எழுப்பி ஓட்டும் கெர்னல் என்ற புரோகிராம்தான் அதன் உயிர். புதிய கெர்னல் வந்தால் சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஏற்றிவிட்டுப் போவார். திங்களன்று எல்லோருக்கும் சுடச்சுட பீசாங் கோரெங், வாழைப்பழப் பஜ்ஜி, வாங்கி வருவார்.

இப்படி ஒரு வருடத்தில் மூன்று புதுசு. ஒன்றாம் நம்பரில், பெட்டி வந்த அன்று போட்ட பழசு. பெட்டி எழும்போது எந்த நம்பர் என்று கேட்கும்.

"இந்தப் பழச யாரு தொடுறா? தூக்கிட்டா எடம் கெடைக்கும்" என்றார் இராஜமாணிக்கம்.

தரை துடைத்துக்கொண்டிருந்த பஞ்சாலை நிமிர்ந்தாள். ஆபீசைக் கூட்டுவதும், காலையில் அவர் வருமுன் பெட்டியின் சுவிட்சைத் தட்டி வைப்பதும் அவள்தான்.

"பழசு கெடக்கட்டுமே ஐயா."

"வீட்டுல பழைய தொடப்பத்தச் சேத்தா வைக்கிறீங்க, அக்கா?"

"நாலு இருக்குங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஒன்றாம் நம்பரை அழித்தார். இடம் கிடைத்தது. ஒருமுறை அணைத்து எழுப்பினால் சுத்தமாக இருக்குமே என்று அணைத்தார்.

நான்காம் நம்பர் பாதியில் நின்றது. மூன்றாம் நம்பர் அதே இடத்தில் நின்றது. இரண்டாம் நம்பர் திரை முழுக்க என்னவோ புலம்பிவிட்டு உயிரை விட்டது.

மணி பதினொன்றரை. வெளியே லோரி ஹார்ன் அடித்தது. இராஜமாணிக்கம் பெட்டியின் தலையில் கை வைத்து, "ஒன்ன அனுப்ப மாட்டேன்டா" என்றார்.

பஞ்சாலை மைலோ டின்னைத் திறந்து ஒரு டிஸ்கெட்டை எடுத்தாள். "பெட்டி வந்த மொத நாளு குப்பையில போட்டீங்க. இது ஆகுமா, ஐயா?"

மேலே அவர் கையெழுத்து: 'பழைய கெர்னல் - அவசரத்துக்கு.'

அதைச் செருகினார். பெட்டி எழுந்தது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ரிப்போர்ட் மேனேஜர் கையில். லோரி காலியாகப் போனது.

இராஜமாணிக்கம் வியர்வையைத் துடைத்தார். "பாருங்கக்கா, ஒரு வருசமா பிசகில்லாம ஓடுன மூணும் இன்னிக்கே சேந்து சண்டித்தனம் பண்ணுது!"

பஞ்சாலை டின்னை மூடினாள். "அதுங்க ஒருநாளும் எந்திரிச்சதில்லீங்க, ஐயா. தெனமும் ஒன்னாம் நம்பரத் தட்டி நாந்தான் எழுப்பி வைப்பேன். பீசாங் கோரெங்கோட சிரிச்சிக்கிட்டு வர்ற மனுசன்கிட்ட எப்படிச் சொல்றது?"